கோடும் கூலியும்: செப்புத்தகட்டில் செதுக்கிய முகங்கள் யாருடையவை?

1. கேள்வி

பிரான்சின் பதினான்காம் லூயியை நேரில் கண்டவர்கள் கொஞ்சம் பேர். அவர் முகம் இன்னதென்று அறிந்தவர்கள் அவர்களைவிட மிகப் பலர். நாணயத்தில் இருந்தது பக்கவாட்டு முகம் மட்டுமே. எண்ணெய் ஓவியம் மாளிகைச் சுவரை விட்டு இறங்காது. ஊர் ஊராகப் போய், புத்தகத்தின் முன்பக்கத்திலும் கடைச் சுவரிலும் சேகரிப்பாளரின் ஏட்டிலும் இடம்பிடித்தது, செப்புத்தகட்டில் செதுக்கி ஈரத்தாளில் ஒற்றியெடுத்த உருவப்படம்தான். ஒளிப்படம் வரும்வரை ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் ஐரோப்பாவில் புகழ்பெற்ற முகம் என்றாலே பெரும்பாலும் கோடுகளால் ஆன முகம். அந்தக் கோடுகளை இட்டது யார், அந்த வேலையை என்னவென்று அழைப்பது என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி.

இதற்கு வழக்கமாக இரண்டு விடைகள் உண்டு. முதலாவது, செதுக்குநர் ஒரு நகலெடுப்பவர் என்பது. ஓவியர் கண்டு வரைந்ததை இவர் உலோகத்துக்கு மாற்றுகிறார். பொறுமை வேண்டும், கற்பனை வேண்டாம். இரண்டாவது விடை முதலாவதற்கு மறுப்பாக எழுந்தது. செதுக்குநரும் கலைஞரே, வண்ணத்தைக் கோடாக மாற்றுவது மொழிபெயர்ப்புக்கு ஒப்பான படைப்பு வேலை, நாந்தேய், எடெலிங்க், திரெவே போன்றோர் ஓவியர்களுக்குச் சமமான மேதைகள். அருங்காட்சியகப் பட்டியல்களும் அச்சோவிய வரலாறுகளும் இன்று பெரும்பாலும் இந்த இரண்டாம் விடையின் வழியில் நடக்கின்றன. ஓவியர் பெயர் ஒன்று, செதுக்குநர் பெயர் ஒன்று என்று இரண்டு பெயர்களோடு பதிவு முடிந்துவிடுகிறது.

இரண்டு விடைகளும் ஒன்றையொன்று மறுப்பதாகத் தோன்றினாலும் இரண்டுக்கும் அடியில் ஒரே நம்பிக்கை இருக்கிறது என்பது என் வாதம். கலை என்பது மனத்தின் வேலை, உழைப்பு என்பது கையின் வேலை, ஒன்று இருக்கும் இடத்தில் மற்றது இருக்கத் தேவையில்லை என்ற நம்பிக்கை அது. முதல் தரப்பு செதுக்குநரைக் கையின் பக்கம் தள்ளியது. இரண்டாம் தரப்பு அவரை மட்டும் மனத்தின் பக்கம் இழுத்துக்கொண்டு, அவரோடு வேலை செய்த மற்றவர்களைக் கையின் பக்கத்திலேயே விட்டுவிட்டது. தாள்களையும் தகடுகளையும் சான்றாகக் கொண்டு பார்த்தால் இந்தப் பிரிவினை நிற்காது. செதுக்கிய முகத்தின் கலை, பகிர்ந்து செய்த உழைப்பின் ஒழுங்கிலேயே உருவானது.

2. தகடும் உளியும்

நம் செப்பேடுகளில் பொறித்த எழுத்தைத் தகட்டிலேயே படிக்கிறோம். உருவப்படச் செதுக்கலில் தகடு வாசகர் கண்ணுக்கு வருவதில்லை. அது தாளைப் பெற்றுத் தரும் கரு மட்டுமே. அதில் எல்லாம் இடவலமாகத் திரும்பியிருக்கும். இந்த ஒரு வேறுபாடே வேலையின் கடினத்தை ஓரளவு சொல்லிவிடுகிறது. செதுக்குபவர் காண்பது பளபளக்கும் உலோகத்தில் உள்ள பள்ளங்களை. அவர் நினைத்திருக்க வேண்டியது வெள்ளைத் தாளில் விழப்போகும் கருமையை.

வேலை செதுக்குநரிடம் தொடங்குவதில்லை. செம்பைச் சுத்தியலால் அடித்துச் சமன்செய்து, தேய்கல்லாலும் கரியாலும் தேய்த்து, எஃகு மெருகுகோலால் கண்ணாடிபோல் ஆக்கித் தருவது கன்னாரின் வேலை. மெருகில் ஒரு கீறல் தப்பினாலும் அது மையைப் பிடித்துக்கொண்டு, அரசரின் கன்னத்தில் தழும்பாக அச்சாகும். அதன்பின் தகட்டில் மெல்லிய மெழுகு பூசி, வரைபடத்தின் கோடுகளை அதன்மேல் பெயர்ப்பார்கள். பிறகு வருவது சிற்றுளி. நான்முகமாகவோ சாய்சதுரமாகவோ உள்ள எஃகுத் தண்டின் முனையைச் சாய்வாகத் தீட்டி, காளான் வடிவ மரப்பிடியில் செருகியிருப்பார்கள். பிடி உள்ளங்கையில் பதிய, உளியை முன்னோக்கித் தள்ள வேண்டும். உளி செம்பைக் கிழிப்பதில்லை, இழையாகச் சீவி எடுக்கிறது. சற்று அழுத்தினால் பள்ளம் ஆழமாகி அகலும், தாளில் கோடு தடிக்கும். தளர்த்தினால் மயிரிழையாகி மறையும். வளைகோடு போடும்போது கை வளைவதில்லை. மணல் அடைத்த தோல் மெத்தைமேல் தகட்டை இடக்கையால் சுழற்றுவார்கள். வலக்கை ஏறக்குறைய அசையாமல் நிற்கும். ஒரு கன்னத்தின் திரட்சி என்பது இரண்டு கைகளின் ஒத்திசைவு.

இந்தக் கருவிக்கு ஓர் இயல்பு உண்டு: அவசரத்தை அது ஏற்காது. அமிலத்தால் அரித்தெடுக்கும் முறையில் மெழுகுப் பூச்சின்மேல் ஊசி தாளில் பேனா ஓடுவதுபோல் ஓடும். பள்ளம் பறிக்கும் வேலையை அமிலம் பார்த்துக்கொள்ளும். சிற்றுளியில் ஒவ்வொரு பள்ளமும் கை பறித்தது. தவறினால் அந்த இடத்தைச் சுரண்டி, தேய்த்து, தகட்டின் பின்பக்கம் இடுக்கிக்கோலால் சரியான புள்ளியைக் கண்டு, சுத்தியலால் தட்டி மேட்டை உயர்த்தி, மீண்டும் வெட்ட வேண்டும். ஆகவே எந்தக் கோடு எங்கே தொடங்கும், எங்கே தடிக்கும், எந்தக் கோணத்தில் இன்னொன்று குறுக்கிடும் என்பதை வெட்டுமுன் முடிவு செய்தாக வேண்டும். கோட்டு ஒழுங்கு என்று அச்சோவிய வரலாற்றில் பேசப்படுவது இதைத்தான். தோலுக்குப் புள்ளிகளும் குறுங்கீற்றுகளும், பட்டுக்கு நீண்ட இணைகோடுகள், பின்னணிக்குக் குறுக்குக் கோட்டு வலை என்று பொருளுக்கேற்ற வெட்டுகள் பயிற்சியால் கைமாறின. இது விதிமுறைதான், ஆனால் கருவியின் தன்மையிலிருந்து பிறந்த விதிமுறை.

விதிமுறை இருப்பதால் கற்பனைக்கு இடமில்லை என்று முடிவுகட்ட முடியாது. பாரிசில் ஒரே காலத்தில் வேலை செய்த இருவரை எடுத்துக்கொள்ளலாம். குளோத் மெலான் குறுக்குக் கோடுகளைப் பெரும்பாலும் தவிர்த்தார். ஒரே திசையில் ஓடும் கோட்டைத் தடித்தும் மெலித்தும் நிழலைக் கொண்டுவந்தார். 1649இல் அவர் செதுக்கிய வெரோனிக்காவின் துணி என்னும் தாளில் கிறிஸ்துவின் முகம் மூக்கு நுனியில் தொடங்கிச் சுருள்சுருளாக விரியும் ஒரே கோட்டால் ஆனது. ரெம்ஸ் நகரிலிருந்து வந்த ரொபேர் நாந்தேய் தொடக்கத்தில் மெலானின் வழியில் சென்று, பிறகு அதை விட்டார். தோலைச் சிறு கீற்றுகளாலும் புள்ளிகளாலும் அடுக்கடுக்காகக் கட்டி, கண்ணோரச் சுருக்கத்தையும் உதட்டின் ஈரத்தையும் காட்டும் முறைக்குப் போனார். கருவி ஒன்று, ஊர் ஒன்று, சந்தை ஒன்று. முகத்தைப் பற்றிய கருத்து வேறு. இலக்கணம் பொதுவாக இருப்பதால் இருவர் எழுதும் செய்யுள் ஒன்றாகிவிடுவதில்லை.

3. முகத்துக்கு ஒரு கை, உடைக்கு ஒரு கை

தாளின் அடியில் சிறிய எழுத்தில் இலத்தீன் சொற்கள் சில இருக்கும். பின்க்சிட் என்றால் இவர் தீட்டினார். தெலினேயாவிட் என்றால் இவர் வரைந்தார். ஸ்கல்ப்சிட் என்றால் இவர் செதுக்கினார். எக்ஸ்கூடிட் என்றால் இவர் வெளியிட்டார். முதலீடு போட்டுத் தகட்டை உடைமையாகக் கொண்டவர் கடைசிச் சொல்லுக்குரியவர். வேலைப் பகிர்வின் வெளிப்படையான பதிவு என்று இச்சொற்களை எடுத்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. அது பாதி உண்மை. இச்சொற்கள் பகிர்வைச் சொல்வதோடு அதற்கு ஓர் எல்லையும் போடுகின்றன. தகடு அடித்தவர், எழுத்து மட்டும் செதுக்கியவர், பின்னணிக் கோடுகளை இட்டவர், மை தடவித் துடைத்தவர், பொறியைச் சுழற்றியவர் எவருக்கும் இலத்தீனில் ஒரு வினைச்சொல் வழங்கப்படவில்லை.

அப்படிப் பலர் இருந்தார்கள் என்பதற்குத் தாள்களே சான்று. ஒரு தகட்டை வேலையின் இடையே நிறுத்தி ஒற்றியெடுத்த மாதிரிப்படிகள் பல சேகரிப்புகளில் உள்ளன. அவற்றில் சில, உடையும் திரைச்சீலையும் முடிந்திருக்க, முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் தாளைக் காட்டுகின்றன. உடையும் சட்டகமும் தனி வேலை, முகம் தனி வேலை. அவற்றுக்குத் தனித்தனி நேரமும் பல இடங்களில் தனித்தனிக் கையும் இருந்தன. நாந்தேய் தம் பட்டறையின் பிற்காலத் தகடுகளில் முகத்தைத் தாமே முடித்து, சட்டகம், உடை போன்றவற்றை உதவியாளர்களிடம் விட்டார் என்பது அவரைப் பற்றி எழுதியவர்கள் பொதுவாக ஏற்கும் கருத்து. இருநூறுக்கும் மேற்பட்ட உருவப்படங்களை ஒருவர் வாழ்நாளில் வெளியிட்டதை வேறு வகையில் விளக்குவதும் கடினம். அவரே தம் மனைவியின் சகோதரரான நிக்கோலா ரெஞ்ஞெசோனிடம் தொழில் கற்றவர். தஸ்கனியின் மூன்றாம் கோசிமோ அனுப்பிய தொமேனிக்கோ தெம்பெஸ்தி, 1678இல் நாந்தேய் இறப்பதற்கு முந்தைய ஆண்டுகளில் அவரிடம் பயின்று, கண்டதையும் கேட்டதையும் குறிப்பாக எழுதி வைத்தார். இத்தொழிலில் அறிவு குடும்பத்தின் வழியாகவும் மாணவர் வழியாகவும் நகர்ந்தது என்பதையே இவை காட்டுகின்றன.

ஓவியர் வான் டைக்கின் ‘ஐக்கனோகிராஃபி’ தொகுப்பு இதைவிடத் தெளிவான சான்று. இளவரசர், படைத்தலைவர், அறிஞர், ஓவியர் ஆகியோரின் முகங்களைத் திரட்டிய அத்தொகுப்பில் சில தகடுகளை மட்டும் வான் டைக் தாமே அமில முறையில் வரைந்தார். பெரும்பாலானவற்றை லூக்காஸ் வோர்ஸ்டர்மன், பவுலுஸ் பொந்தியுஸ் போன்ற தொழில்முறைச் செதுக்குநர்கள் அவருடைய மாதிரிகளைப் பார்த்து வெட்டினார்கள். வான் டைக் தம் முகத்தைத் தாமே வரைந்த தகட்டில் தலையைத் தவிர வேறு ஏதும் இல்லை. தலை மட்டும் வெற்றுவெளியில் நிற்கும் தாள்கள் கிடைக்கின்றன. அவர் இறந்தபின், 1645இல் ஹில்லிஸ் ஹென்ரிக்ஸ் தொகுப்பை 100 தகடுகளோடு வெளியிட்டபோது, யாக்கோப் நேஃப்ஸ் அதே தகட்டில் தலைக்குக் கீழே மார்பையும் பீடத்தையும் சேர்த்துச் செதுக்கினார்; அது முகப்புப் பக்கமாயிற்று. ஒரே செம்பு, இரண்டு கைகள், இரண்டு முறைகள், இடையில் ஒரு மரணம். அதை வான் டைக்கின் தற்படம் என்று மட்டும் அழைப்பது பழக்கம். நேஃப்ஸின் பங்கு அடிக்குறிப்புக்குப் போய்விட்டது.

முகத்தையும் உடலையும் பிரித்துப் பார்க்கும் பழக்கம் பட்டறையோடு நிற்கவில்லை, சந்தைக்கும் வந்தது. இலண்டனில் வேலை செய்த பிரெஞ்சுச் செதுக்குநர் பியர் லோம்பார், முதலாம் சார்ல்ஸை வான் டைக் தீட்டிய குதிரையேற்றப் படத்தைத் தழுவி ஒரு பெரிய தகட்டைச் செதுக்கினார். அதன் படிகளை வரிசைப்படுத்தினால் குதிரையும் கவசமும் மாறாமல் நிற்க, தலை மட்டும் மாறிக்கொண்டே போகிறது: ஒன்றில் கிராம்வெல், இன்னொன்றில் பதினான்காம் லூயி, மற்றொன்றில் சார்ல்ஸ். தலையைச் சுரண்டி எடுத்தபின், அடுத்த தலை வருமுன் ஒற்றிய படியும் உண்டு. தலையில்லாக் குதிரைவீரன் என்று அதற்குப் பெயர். 1922இல் லேயார்ட் என்பவர் இதைப் பற்றி ஒரு நூலே எழுதினார். ஆட்சி மாறியதும் முகத்தை மாற்றிய சந்தைத் தந்திரம் என்று இதைச் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் செம்பு விலையுள்ள பொருள். குதிரையின் பிடரியிலும் கவசத்தின் மினுக்கத்திலும் மாதக்கணக்கான கைவேலை உறைந்திருந்தது. அந்த உழைப்பைத் தூக்கியெறிய உடைமையாளருக்கு மனம் வரவில்லை. அரசர் போனாலும் கூலி போகக்கூடாது என்பதே அந்தத் தகட்டின் வரலாறு.

செதுக்கியபின் வரும் அச்சிடும் வேலையைப் பற்றி நமக்குக் கிடைத்த சிறந்த ஆவணம் ஒரு செதுக்குநர் தந்தது. அப்ரஹாம் போஸ் 1645இல் செப்புச் செதுக்கலுக்கான கையேட்டை வெளியிட்டவர். அதற்கு முன்பு 1642இல் செப்புத்தகட்டு அச்சிடுவோரின் பட்டறையைத் தாளில் காட்டியிருந்தார். ஒருவர் தகட்டில் மை ஏற்றுகிறார். ஒருவர் மிகுதி மையை உள்ளங்கையால் துடைக்கிறார். ஒருவர் உருளைப் பொறியின் ஆரக்கைகளைக் கையாலும் காலாலும் இழுத்துச் சுழற்றுகிறார். மேலே கயிறுகளில் படிகள் காய்கின்றன. கந்தையால் துடைத்தபின் உள்ளங்கையால் துடைப்பது அலங்காரமல்ல. அழுத்தித் துடைத்தால் பள்ளத்து மையும் வந்துவிடும், முகம் வெளிறும். மேலோட்டமாகத் துடைத்தால் வெளியிடம் அழுக்கடையும், முகம் மூடுபனியில் நிற்கும். செதுக்குநர் மாதக்கணக்கில் திட்டமிட்ட நிழலின் செறிவு ஒவ்வொரு படியிலும் இந்த உள்ளங்கையின் முடிவுக்கு உட்பட்டது. ஒரே தகட்டின் இரண்டு படிகளுக்குச் சேகரிப்பாளர் வெவ்வேறு விலை தருவதற்கு ஒரு காரணம் தகட்டின் தேய்மானம். இன்னொரு காரணம் பெயரில்லாத இந்தக் கை.

4. கலை என்ற பட்டமும் அதன் விலையும்

செதுக்குநர்கள் தம் மதிப்புக்காகப் போராடிய வரலாறு நீண்டது. 1622இல் ஓவியர் ரூபென்ஸ் எழுதிய கடிதம் ஒன்று, தமக்காகச் செதுக்கிய வோர்ஸ்டர்மன்மேல் குறைபட்டுக்கொள்கிறது. அச்சோவியங்களுக்கு மதிப்புத் தருவது தம் செதுக்கலும் தம் பெயரும்தான் என்று அந்தச் செதுக்குநர் நினைக்கிறார் என்பது குற்றச்சாட்டின் சாரம். ரூபென்ஸுக்கு இது ஆணவம். வோர்ஸ்டர்மனின் பக்கத்திலிருந்து பார்த்தால், தாளில் உள்ள ஒவ்வொரு கோடும் தம்முடையது என்ற எளிய உண்மை. இருவருக்கும் இடையிலான உறவு முறிந்ததற்குத் தனிமனிதக் குணம் மட்டும் காரணமல்ல. ஒரு தாள் யாருடையது என்பதற்கு அன்று பொதுவான விடை இல்லை என்பதும் காரணம்.

பிரான்சில் விடை அரசாணையாக வந்தது. செதுக்குநர்களைக் கைவினைச் சங்கமாகக் கட்டும் முயற்சி எழுந்தபோது, 1660 மே மாதம் சேன்-ழான்-தெ-லூஸில் பிறப்பித்த ஆணை அதைத் தடுத்தது. செதுக்கல் அதைச் செய்பவரின் கற்பனையைச் சார்ந்த சுதந்திரக் கலை, அதற்குச் சங்க விதிகள் பொருந்தா என்பது அதன் கருத்து. 1658இலேயே அரசரின் வரைஞராகவும் செதுக்குநராகவும் அமர்த்தப்பட்டிருந்த நாந்தேயின் செல்வாக்கு இதற்குக் காரணம் என்பது மரபான நம்பிக்கை. 1663இல் ஷோவோ, ரூசெலே முதலிய செதுக்குநர்கள் அரச ஓவியக் கழகத்தில் இடம்பெற்றனர். நூற்றாண்டின் இறுதியில் ஷார்ல் பெரோ வெளியிட்ட ‘புகழ்பெற்ற மனிதர்கள்’ நூலில் படைத்தலைவர்களோடும் கவிஞர்களோடும் நாந்தேயும் மெலானும் இடம்பெற்றனர். பிறர் முகங்களை வெட்டியவர்களின் முகங்களை இப்போது இன்னொருவர் வெட்டினார். வெற்றி முழுமையானதுபோல் தோன்றும். ஆனால் அந்த ஆணையின் நியாயம் கற்பனை, உழைப்பு அல்ல. கற்பனை இருப்பதாகக் காட்ட முடிந்தவர்கள் விடுதலை பெற்றார்கள். அதே தகட்டில் மை தடவியவர்கள் அந்நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில் சங்க ஒழுங்குக்குள் கொண்டுவரப்பட்டார்கள். ஒரே தாளை உருவாக்கியவர்களுக்கு நடுவே சட்டமே ஒரு கோடு கிழித்தது.

இங்கிலாந்தில் அந்தக் கோடு செதுக்குநர்களுக்கு எதிராக விழுந்தது. 1735இன் சட்டம் தாமே வடிவமைத்துச் செதுக்கியவருக்கு 14 ஆண்டு பதிப்புரிமை தந்தது. பிறர் ஓவியத்தைச் செதுக்கியவருக்கும் பாதுகாப்பு விரிந்தது 1766ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான். 1768இல் அரச கலைக் கழகம் தொடங்கியபோது செதுக்குநர்களுக்கு முழு உறுப்பினர் பதவி இல்லை. செதுக்குநர் பார்த்தலோத்சி நுழைய முடிந்தது, ஓவியர் என்ற பெயரில். செதுக்குநர் ராபர்ட் ஸ்ட்ரேஞ்ச் 1775இல் இதைக் கண்டித்து நூல் எழுதினார். கழகம் சொன்ன காரணம் பழைய முதல் விடையேதான்: செதுக்கலில் கண்டுபிடிப்பு இல்லை. அக்கழகத்தின் முதல் தலைவர் ரெனால்ட்ஸ், தம் ஓவியங்களை மெசோடின்ட் தகடாக்கிய மக்கார்டெலின் வழியாகவே தம் பெயர் நிலைக்கும் என்று சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. அது உண்மையோ இல்லையோ, அவர் புகழ் பரவிய வழி அதுதான். 1855இல் செதுக்குநர் சாமுவேல் கசின்ஸ் முழு உறுப்பினரானபோது வழக்கு முடிந்தது. கசின்ஸ் கைக்கொண்ட மெசோடின்ட் முறையில், முகத்தை வெளிக்கொணருமுன் தகடு முழுவதையும் பல்லுள்ள வளைகருவியால் பல திசைகளில் அசைத்து அசைத்துச் சொரசொரப்பாக்க வேண்டும். இந்தத் தரையிடும் வேலை பெரும்பாலும் உதவியாளருக்கும் கூலியாளுக்கும் போயிற்று. முகம் கருமையிலிருந்து வெளிச்சத்துக்கு வருவது அம்முறையின் புகழ். அந்தக் கருமையைச் செய்தவர்கள் கழகத்தின் வழக்கில் கட்சிக்காரர்களாகக்கூட இல்லை.

5. மறுப்புகள்

இவ்வாதத்துக்கு மூன்று மறுப்புகள் எழலாம். முதலாவது வில்லியம் ஐவின்ஸிடமிருந்து வருவது. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் அச்சோவியக் காப்பாளராக இருந்த அவர், 1953இல் வெளியிட்ட நூலில், செதுக்குநர்களின் கோட்டு ஒழுங்கு பார்ப்பவருக்கும் பொருளுக்கும் நடுவே விழுந்த வலை என்றார். எந்த ஓவியமானாலும் எந்த முகமானாலும் அதே வலை. தனித்தன்மை அதில் வடிகட்டப்படுகிறது. ஒளிப்படம்தான் அந்த வலையை அறுத்தது. இதில் உண்மை இருக்கிறது. பல்தாசர் மொன்கோர்னே போன்ற வெளியீட்டாளர்கள் ஒரே மாதிரி நீள்வட்டச் சட்டகத்தில் நூற்றுக்கணக்கான முகங்களை மலிவாக வெளியிட்டபோது, ஆளுக்கு ஆள் மாறியது மீசை மட்டுமே என்று சொல்லத் தோன்றும். ஆனால் ஐவின்ஸின் அளவுகோல் துல்லியமான தகவல். அந்த அளவுகோலில் பார்த்தால் ஒழுங்கு ஒரு குறை. உற்பத்தியின் பக்கமிருந்து பார்த்தால் அதே ஒழுங்குதான் ஒருவர் தொடங்கிய தகட்டை இன்னொருவர் தொடரவும், மாணவர் ஆசிரியரின் உடைப்பகுதியை முடிக்கவும், தேய்ந்த தகட்டைத் தலைமுறை கழித்து வேறொருவர் மீண்டும் வெட்டவும் இடம் தந்தது. வலை என்று அவர் கண்டது, பலர் சேர்ந்து வேலை செய்வதற்கான பொதுமொழி. அதைப் பார்வைக் கோளாறாக மட்டும் படிப்பது, பட்டறை இருந்ததையே மறப்பதாகும்.

இரண்டாவது மறுப்பு கடுமையானது. உதவியாளரும் அச்சிடுபவரும் இருந்தார்கள் என்பதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் முடிவெடுக்கவில்லை, ஆணைப்படி செய்தார்கள். முடிவெடுப்பவரே ஆசிரியர் என்று கூறலாம். துடைக்கும் உள்ளங்கையைப் பற்றி மேலே சொன்னது இதற்கு ஒரு விடை: ஆணையால் கட்டுப்படுத்த முடியாத முடிவு அது. இன்னொரு விடை, இந்த அளவுகோலைச் சீராகப் பயன்படுத்தினால் செதுக்குநரே விழுந்துவிடுவார் என்பது. முகத்தின் கோணம், ஒளி, உடை எல்லாம் ஓவியர் முடிவென்றால், கழகத்தின் மறுப்பு சரி என்று ஆகிவிடும். செதுக்குநருக்கு ஆதரவாகப் பேசுபவர்கள் அங்கே, கோட்டைத் தேர்வதும் ஒரு முடிவே என்று வாதாடுகிறார்கள். சரியான வாதம். ஆனால் அதே வாதம் பின்னணி வெட்டியவருக்கும் தரையிட்டவருக்கும் துடைத்தவருக்கும் பொருந்தும். எல்லாரும் சமமாக முடிவெடுத்தார்கள் என்பதல்ல இங்கே சொல்வது. நாந்தேயின் கண்ணும் பொறியிழுப்பவரின் காலும் ஒன்றல்ல. முடிவுகள் படிப்படியாகப் பரவியிருந்தன. அந்தப் பரவலை இரண்டு பெயர்களோடு வெட்டி நிறுத்துவதற்கு வேலையின் இயல்பில் காரணம் இல்லை, தகுதிப் போராட்டத்தின் வரலாற்றில்தான் இருக்கிறது.

மூன்றாவது மறுப்பு: ஒளிப்படம் வந்ததும் தொழில் சரிந்ததே, அது வெறும் நகலெடுப்பு என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டுமா? சரிவு உண்மை, ஆனால் அது ஒளிப்படத்தோடு தொடங்கவில்லை. வில்சன் லோரி 1790 வாக்கில் உருவாக்கிய கோடிடும் பொறி, பின்னணியின் இணைகோடுகளைக் கையிடமிருந்து எடுத்துக்கொண்டது. 1820களில் செம்பின் இடத்துக்கு எஃகு வந்ததும், சில ஆயிரம் படிகளோடு தளர்ந்த தகடு பல பத்தாயிரம் படிகளைத் தாங்கியது. பகிர்ந்த உழைப்பில் பொறியால் செய்யக்கூடிய பகுதி ஒவ்வொன்றாகக் கழன்றது; கடைசியில் ஒளிப்படம் ஓவியரின் பகுதியையும் சேர்த்து எடுத்துக்கொண்டது. முகத்தை வெட்டும் கை மட்டும் ஓரிடத்தில் தப்பியது: பணத்தாள் தொழிலில். அங்கே முகம் வெட்டுபவர் தனி, எழுத்து வெட்டுபவர் தனி, கோல அலங்காரத்துக்குப் பொறி என்ற பழைய பகிர்வு நெடுங்காலம் தொடர்ந்தது. கோட்டின் ஏற்ற இறக்கத்தைக் கள்ளநோட்டு அடிப்போர் எளிதில் பின்பற்ற முடியாது என்பதே காரணம். பள்ளத்து மையை அழுத்தி ஏற்றும் அந்த அச்சுமுறையின் தடம் நம் கையிலும் இருக்கிறது. நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள தாள்களில் காந்தியின் முகத்தைத் தடவினால் விரலுக்கு மேடு தட்டுப்படும். வெறும் நகல் என்று கழித்த வேலையை, நகலெடுக்க முடியாதது என்பதற்காகவே அரசுகள் வைத்துக்கொண்டன.

6. முடிவாக

செதுக்கிய உருவப்படத்தைப் பற்றிய பழைய வழக்கில் இரு தரப்பும் கேட்டது ஒரே கேள்வி: இது கலையா, வேலையா? தகடும் தாளும் தரும் சான்று அந்தக் கேள்வியையே தள்ளுகிறது. உளியின் இயல்பு கோட்டுக்கு ஒழுங்கைத் தந்தது. ஒழுங்கு வேலையைப் பகிர வழி செய்தது. பகிர்வு முகத்தை மற்றவற்றிலிருந்து பிரித்து, திறமையின் உச்சத்தை அங்கே குவிக்க நேரம் தந்தது. கன்னத்தில் நாந்தேய் இட்ட புள்ளிகளின் நுட்பத்தை, சட்டகத்தை வேறொருவர் வெட்டிக்கொண்டிருந்த நாட்களிலிருந்து பிரிக்க முடியாது.

இதனால் பட்டியல் எழுதும் முறையும் மாற வேண்டும். தலையில்லாக் குதிரைவீரனை ஒரு வேடிக்கையாகவும், நேஃப்ஸை ஓர் அடிக்குறிப்பாகவும், முகம் வெறுமையான மாதிரிப்படியை முழுமையடையாத பொருளாகவும் பதிவு செய்வது, 1660இன் ஆணை கிழித்த கோட்டை இன்னும் காப்பதே. எத்தனை கைகள், எந்த வரிசையில், எந்தப் பகுதியில் என்று ஒவ்வொரு தாளிலும் கேட்கலாம். பெயர் கிடைக்காத இடத்தில் வேலையின் பெயரையாவது எழுதலாம். போஸ் 1642இல் அதைச் செய்து காட்டினார். தாமே செதுக்குநரான அவர், தம் தொழிலின் அடுத்த அறைக்குள் போய், தகட்டின்மேல் விரித்த ஓர் உள்ளங்கையை வரைந்து வைத்தார். அந்தத் தாளை ஒற்றியெடுத்ததும் அப்படி ஒரு கைதான்.